உத்தரத்தில் ஒரு எண்

நண்பர்களே, பழைய பாய்மரப் படகை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்றுதான். அது சரி. அதே நாளில், படகின் பழைய வரலாற்றைத் தேட, இன்னொன்றையும் பாருங்கள் என்பேன். உள்ளே இறங்கி நடு உத்தரத்தில் விளக்கடித்துப் பாருங்கள். பிரிட்டனில் பதிவான கப்பல் என்றால் பதிவு எண்ணை அந்த மரத்திலேயே செதுக்கியிருப்பார்கள். பெயர் நாலு தடவை மாறினாலும் எண் மாறாது.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டுக்குப் போகலாம். கப்பலின் உரிமையை அங்கே 64 பங்காகப் பிரித்து எழுதுவார்கள். யார் எத்தனை பங்கு வாங்கினார், யாருக்கு விற்றார் என்று வரிசையாக இருக்கும். எனக்கு அது ஒரு குடும்ப மரம் போலவே தெரியும். 1878இல் தொடங்கிய லாயிட்ஸ் உல்லாசப் படகுப் பதிவேட்டில் பழைய பெயர்களும் கிடைக்கும்.

ஆனால் படகைவிட்டுப் பிரிந்த பொருள்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

'அமெரிக்கா' படகைச் சொல்கிறேன். 1851இல் ஐல் ஆஃப் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் வென்று, 'அமெரிக்கா கோப்பை' என்ற பாய்மரப் படகுப் பந்தயக் கோப்பைக்கே பெயர் தந்த படகு. அதன் பின்புறத்தில் பொன் பூசிய மரக் கழுகு ஒன்று இருந்தது. படகு இங்கிலாந்தில் கைமாறியது. கழுகு கழற்றப்பட்டு, அதே தீவின் ரைடு ஊரில் ஒரு விடுதியின் அடையாளமாக நின்றது. 1912இல் அதை நியூயார்க் யாட் கிளப்பிடம் ஒப்படைத்தார்கள். படகின் கதை வேறு. பெயர் 'கமில்லா' என்று மாறியது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் புளோரிடாவில் மூழ்கடிக்கப்பட்டது, மீண்டும் மேலே தூக்கப்பட்டது. கடைசியில் அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரில் ஒரு கொட்டகைக்குள் கிடந்தபோது, 1942இல் பனிப் பாரம் தாங்காமல் கூரை அதன்மேல் இடிந்து விழுந்தது. 1945இல் உடைத்து அகற்றிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. விடுதி வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்ற கழுகு தப்பித்தது. கூரைக்குக் கீழே இருந்த படகு தப்பவில்லை.

ஆகவே முன்னாள் உரிமையாளர்களின் குடும்பங்களைத் தேடிப் போங்கள். 'ஆவணங்கள் உண்டா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இல்லை' என்றுதான் பதில் வரும். பழைய கொடி, மணி, ஆல்பம், பயணக் குறிப்பேடு, பரிசுக் கோப்பை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் பரணில் இருக்கும் பெட்டி அவர்களுக்கு ஞாபகம் வரும். கொடுக்க மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அவர்கள் வீட்டிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், புகைப்படங்களின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். படகின் மேல்தளத்தில் நிற்பவர்களின் பெயர்களை யாராவது பென்சிலால் எழுதிவைத்திருந்தால், அது அங்கேதான் இருக்கும்.