ஃபாக்ஸ் தியேட்டரை வாங்கியவர்கள்

வணக்கம்.

இன்று ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், பீச்ட்ரீ தெருவில் நிற்கும் ஃபாக்ஸ் தியேட்டர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டியது. இன்றும் அதன் வாசலில் கூட்டம் நிற்கிறது என்றால் அந்த ஊர்க்காரர்கள்தான் காரணம். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கையெழுத்து வாங்கியதோடும் பதாகை பிடித்ததோடும் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் கட்டடம். ஷ்ரைனர்கள் என்ற சங்கத்தார் தங்களுக்கான கூடமாக அதைக் கட்டத் தொடங்கினார்கள். குவிமாடம், மினார், வளைவு வளைவாக வாசல்கள், எகிப்தியப் பாணியில் ஒரு நடனக் கூடம் என்று ஆசை பெரிதாக இருந்தது, கைப்பணம் போதவில்லை. படத்தொழிலில் கொடிகட்டிப் பறந்த வில்லியம் ஃபாக்ஸுக்கு அரங்கத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். 1929 டிசம்பர் 25 அன்று திறப்பு விழா. பங்குச் சந்தை சரிந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே ஏலத்துக்கு வந்துவிட்டது.

உள்ளே 4,600-க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஒரு கோட்டையின் திறந்த முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல அரங்கத்தை அமைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கருநீல வானம்; அதில் 96 நட்சத்திரங்கள். படிகத்துக்குப் பின்னால் விளக்கு வைத்த நட்சத்திரங்கள் அவை, சில மினுக்கவும் செய்யும். மோலர் நிறுவனம் செய்த ஆர்கன் என்ற இசைக்கருவிக்கு 3,622 குழல்கள். அது பல ஆண்டுகள் வாசிப்பாரின்றிக் கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜோ பேட்டன் என்ற ஆர்வலர் பிரித்துச் சீராக்கி மறுபடி பேச வைத்தார். இவர் பெயரை நினைவில் வையுங்கள். கட்டடத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்த இந்த மனிதர் பின்னாளில் மீட்பு முயற்சியின் முன்வரிசையில் நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1960களின் தொடக்கம் வரை கறுப்பின மக்களுக்கு அங்கே தனி டிக்கெட் கவுண்டர், தனி வழி. வெளிப்புறப் படிக்கட்டில் ஏறி, உச்சியிலிருந்த மேல்தளத்தில்தான் அவர்கள் உட்கார வேண்டும். அந்தப் படிக்கட்டும் கட்டடத்தின் வரலாறுதான். பழைய தியேட்டரைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் அழகை மட்டும் பேசினால் ஊரில் பாதிப்பேர் நம்மோடு வரமாட்டார்கள். அவர்கள் பாட்டன் பாட்டி எந்த வழியாக உள்ளே போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1970களில் ஆபத்து வந்தது. மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய அரங்கத்தைப் படம் மட்டும் காட்டி நிரப்ப முடியவில்லை. சதர்ன் பெல் தொலைபேசி நிறுவனம் ஃபாக்ஸ் நின்ற மூலையில் தன் தலைமையகத்தைக் கட்ட இடம் கேட்டது. அட்லாண்டாவுக்கு இடிப்பது புதிதல்ல. 1960-இல் பாரமவுண்ட் தியேட்டர் போனது. 1972-இல் டெர்மினல் ரயில் நிலையம் போனது. போன பிறகு ஊர் அங்கலாய்த்தது, அவ்வளவுதான்.

1974 மே மாதம் ஃபாக்ஸ் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. பதிவேட்டில் ஏறிவிட்டால் பிழைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடிப்பதாக இருந்தால் அந்தப் பதிவேடு கையைப் பிடிக்காது. கௌரவம் உண்டு, காவல் கிடையாது. நகர நிர்வாகம் இடிப்பைச் சில மாதங்கள் தள்ளிவைத்துத் தந்த அவகாசம்தான் உயிர்மூச்சு. அப்போது மேயராக இருந்தவர் மேனார்ட் ஜாக்சன், அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர்.

பள்ளி மாணவர்கள் பதாகை பிடித்தார்கள். "ஃபாக்ஸைக் காப்பாற்றுங்கள்" என்ற முழக்கம் ஊரெங்கும் பரவியது. அந்தச் சத்தம் அவசியம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சத்தம் அடங்குவதற்குள் சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மரியாதை கூடுகிறது. 1975-இல் அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பை உருவாக்கினார்கள். தொலைபேசி நிறுவனத்துக்கு வேண்டியது தலைமையகம் கட்ட நிலம். ஃபாக்ஸ் நின்ற மூலைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்து நிலங்களை வைத்து ஒரு மாற்று ஏற்பாடு பேசி முடித்தார்கள். தொலைபேசி நிறுவனத்தின் கோபுரம் ஃபாக்ஸின் பின்புறம் எழுந்தது. தியேட்டரை வாங்க வங்கிகளிடம் 18 லட்சம் டாலர் கடன். கெடு மூன்று ஆண்டு. தவறினால் கட்டடம் கைவிட்டுப் போகும்.

அந்தக் கெடு அவர்களைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் பிழைத்தார்கள் என்றுகூடச் சொல்வேன். பூட்டி வைத்து அழகு பார்க்க வசதியில்லை; நாளைக்கே கதவைத் திறந்து வருமானம் பார்த்தாக வேண்டும். படத்தை மட்டும் நம்பாமல் கச்சேரி, நாடகம் எல்லாவற்றுக்கும் மேடையைக் கொடுத்தார்கள். 1976 ஜூலையில் லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் குழு அங்கே மூன்று இரவுகள் வாசித்தது. சிறு நன்கொடைகளும் சேர்ந்தன. 1978-இல் கடன் அடைந்தது.

அதே 1978 ஜனவரியில் அதே பீச்ட்ரீ தெருவில் லோஸ் கிராண்ட் தியேட்டர் தீப்பிடித்தது. 1893-இல் ஓபரா என்ற இசைநாடகக் கூடமாகப் பிறந்த, ஃபாக்ஸைவிட மூத்த கட்டடம். தீக்குப் பிறகு அதை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் அலுவலகக் கோபுரம்.

ஃபாக்ஸிலும் 1996-இல் தீ பிடித்தது. அப்போது அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு வீட்டில் குடியிருந்தவர் ஜோ பேட்டன். அவர்தான் தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொன்னார். சேதத்தைச் சரிசெய்து தொடர்ந்து நடத்தினார்கள்.

2008-இல் ஃபாக்ஸ் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் என்ற பிரிவைத் தொடங்கினார்கள். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் சிற்றூர்களில் பழைய தியேட்டர் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களிடம் ஃபாக்ஸின் ஆட்கள் போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். எதை முதலில் பழுதுபார்ப்பது, எந்த நிகழ்ச்சியைக் கொண்டுவந்தால் இருக்கை நிரம்பும் என்று சொல்லித் தருகிறார்கள். நிதி உதவியும் செய்கிறார்கள்.