ரேஷன் அரிசிக்குள் இருக்கும் மரபணு

(தண்டையார்பேட்டையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அரிசி வாங்கும்போது நாம் என்னவெல்லாம் கேட்போம்? சன்னமா மோட்டாவா, பழசா புதுசா, பச்சையா புழுங்கலா, வடித்தால் உதிரியாக நிற்குமா குழைந்துவிடுமா. செங்குன்றத்து ஆலைகளிலிருந்து மூட்டை இறங்கும் கடைகளில் இந்தப் பேச்சு நாள் முழுக்க ஓடும். சாப்பிட்ட பிறகு இந்த அரிசி சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சோறு உதிரியாக நிற்பதற்கும் சர்க்கரை நிதானமாக ஏறுவதற்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் காரணம் இருக்கிறது. அது அரிசியின் மாவுச்சத்து.

தீட்டிய அரிசியின் உலர் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் மாவுச்சத்துதான். அதில் இரண்டு வகை உண்டு. கிளை அதிகம் இல்லாமல் நீளமாகப் போவது அமைலோஸ். கிளைக்கு மேல் கிளை விட்டுப் பரவுவது அமைலோபெக்டின். காசிமேட்டில் இறுக்கிச் சுற்றி வைத்த கயிற்றையும் பிரித்துப் போட்ட வலையையும் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கைக்குச் சிக்கும் முனைகள் இரண்டுதான். அறுந்த வலையில் எங்கே தொட்டாலும் ஒரு முனை. செரிமான நொதிகள், அதாவது உணவை உடைக்கும் புரதங்கள், முனை கிடைத்த இடத்தில் வேலையைத் தொடங்கும். அதனால் அமைலோபெக்டின் சீக்கிரம் குளுக்கோஸாக உடைகிறது, அமைலோஸ் தாமதமாகிறது. அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சோறு உதிரியாகவும் ஆறினால் விறைப்பாகவும் இருக்கும். 20க்குக் கீழே போனால் மென்மையாக ஒட்டும். அறவே இல்லையென்றால் அது ஒட்டரிசி. பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களுக்கு அது புதிதல்ல.

இந்த மேசையில் இரண்டு தட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் நம் பொன்னி, இன்னொன்றில் ஒட்டரிசி. இரண்டையும் பிளேடால் குறுக்கே வெட்டியிருக்கிறேன். வெட்டிய முகத்தில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுகிறேன். பொன்னி கருநீலமாகிவிட்டது. ஒட்டரிசி செம்பழுப்போடு நின்றுவிட்டது. அமைலோஸ் இருந்தால் நீலம், இல்லையென்றால் செம்பழுப்பு. பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே செய்துவிடலாம்.

இந்த நிற வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவை வேக்ஸி என்பார்கள். நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். இது ஆறாவதில் இருக்கிறது. அமைலோஸைக் கட்டும் நொதிக்கான குறிப்பு இதில்தான் உள்ளது. ஜப்பானிய வகை நெல்லில் இந்த மரபணுவின் ஓரிடத்தில், டி.என்.ஏ.வை எழுதும் நான்கு எழுத்துகளில் ஜி என்பதற்குப் பதில் டி வந்திருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் குறிப்பு சரியாகப் படிக்கப்படாமல், நொதி குறைவாக உருவாகி, சோறு ஒட்டுகிறது. நம்முடைய இண்டிகா நெல் பெரும்பாலானவற்றில் அந்த எழுத்து மாறவில்லை.

இன்னும் அழகான ஒரு காட்சி உண்டு. ஒட்டரிசி நெல்லையும் சாதாரண நெல்லையும் இனக்கலப்புச் செய்து, பிறந்த செடியின் மகரந்தத்தை அயோடினில் நனைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பாதித் துகள்கள் நீலம், பாதி செம்பழுப்பு. அதே செடியின் கதிரில் விளையும் மணிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஒட்டரிசியாக இருக்கும். மெண்டல் பட்டாணியில் எண்ணியதை நெல்லில் ஒரே கதிரில் எண்ணிவிடலாம். மணிக்குள் இருக்கும் மாவு தாய்ச் செடியுடையது அல்ல, அடுத்த தலைமுறையுடையது. அதனால்தான் ஒரே கதிரில் இரண்டு வகை மணிகள். இதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், அமைலோஸ் அளவு மட்டும் போதாது. அரிசி எத்தனை டிகிரி வெப்பத்தில் வேகத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் இன்னொரு மரபணுவும் அதே ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அது அமைலோபெக்டின் கிளைகளின் நீளத்தை மாற்றும். வானிலையும் சேர்ந்துகொள்கிறது. பால் பிடிக்கும் நேரத்தில் வெப்பம் அதிகமானால் அமைலோஸ் குறையும், மணியில் சுண்ணாம்பு போல வெள்ளை விழும், ஆலையில் நொறுங்கும். ஒரே ரகம் குறுவையில் ஒரு மாதிரியும் சம்பாவில் ஒரு மாதிரியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சர்க்கரைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு. சர்க்கரை ஏறும் வேகத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டில் குளுக்கோஸுக்கு 100. 55 வரை குறைவு, 70ஐத் தொட்டால் அதிகம். நாம் சாப்பிடும் வெள்ளை அரிசிகள் பல 70க்கு மேலே நிற்கின்றன.

இதைக் குறைக்க மரபியல் காட்டும் வழி எது? நான் மிகவும் மதிக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன். 2024இல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எடுத்த பெற்றோரில் ஒன்று, நமக்கு நன்றாகத் தெரிந்த சம்பா மசூரி, அதாவது பி.பி.டி. 5204. இன்னொன்று ஐ.ஆர். 36 என்ற நெல் ரகத்தின் அமைலோஸ் மிகுந்த ஒரு திரிபு. இரண்டையும் கலந்து வந்த வழித்தோன்றல்களில் கிளைசீமிக் குறியீடு குறைந்தவற்றைத் தேடினார்கள். இரண்டாவது குரோமோசோமில் கிளை கட்டும் ஒரு நொதியின் மரபணு செயலிழந்த செடிகளில் அமைலோஸ் உயர்ந்திருந்தது. கிளைசீமிக் குறியீடு குறைந்தது, புரதமும் 14 சதவீதத்தைத் தாண்டியது. கிளை போடும் கை ஓய்ந்தால் கிளைகள் குறைகின்றன, அவ்வளவுதான். அதே மரபணுவைத் திருத்திய செடியிலும் குறியீடு குறைந்ததைக் காட்டினார்கள்.

ஆனால் கிளை நொதியில் கைவைத்தால் பல ரகங்களில் மணி இளைக்கும், எடை குறையும், சோறு விறைக்கும். விவசாயிக்கு விளைச்சல் வேண்டும், வீட்டுக்கு மென்மை வேண்டும். இதை மீறி எந்த ரகமும் நிலைக்காது. அதனால் வேலை ஒரு மரபணுவோடு முடிவதில்லை. ருசியும் விளைச்சலும் கெடாத பின்னணியைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

மரபணு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறீர்கள், புரிகிறது. ஆனால் ஹைதராபாத்தில் உருவாகி 2008இல் வந்த மேம்படுத்திய சம்பா மசூரி எந்த மரபணு மாற்றமும் இல்லாதது. பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களை, நாற்றின் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்து, பழைய முறை இனக்கலப்பாலேயே கொண்டுவந்தார்கள். நோய்க்காகச் செய்த ரகம். அளந்து பார்த்தால் கிளைசீமிக் குறியீடு சுமார் 51. நல்ல விதை கிட்டத்திலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மரபணுத் திருத்தமும், அதாவது செடியின் சொந்த மரபணுவிலேயே எழுத்தை மாற்றுவதும், இப்போது வந்துவிட்டது. 2025 மே மாதம் சம்பா மசூரியிலிருந்தே திருத்திய கமலா என்ற ரகத்தை இந்தியா அறிவித்தது. அது மணி எண்ணிக்கைக்காகச் செய்தது, மாவுச்சத்துக்காக அல்ல. திருத்திய ரகம் எதுவானாலும் சோதனை முடிவுகள் முழுவதும் மக்கள் முன் வர வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் செரிக்கும் அரிசி என்று பெரிய கடைகளில் பளபளப்பான பாக்கெட்டில் விற்கிறார்கள், விலை சாதா அரிசியைவிட அதிகம். வாங்குபவர்கள் காலையில் ஓட்ஸும் இரவில் சப்பாத்தியும் சாப்பிடக்கூடியவர்கள். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் எண்ணூர் பக்கம் கம்பெனிக்கு இரவு ஷிஃப்ட் போகிறவரும் மூன்று வேளையும் சோற்றை நம்பி இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோற்றைக் குறையுங்கள் என்று அறிவுரை சொல்லாதீர்கள். சோற்றையே மாற்றிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். இவ்வளவு பேருக்கு ஒரே பாதையில் அரிசி போகிற இடம் வேறு எது?

இன்று அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, கல் மண் எவ்வளவு, மணி சன்னமா மோட்டாவா என்று பார்த்து விலை தருகிறார்கள். உள்ளே இருக்கும் மாவுச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. குறியீடு குறைந்த ரகத்தைத் தனியாகக் கொள்முதல் செய்து, தனி மூட்டையில் கட்டி, தனியாக அரைத்து, அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் விலை வைத்தால் விவசாயி விதைப்பார். கலந்து அரைத்துவிட்டால் எந்த மரபணுவும் பயன்படாது. முதலில் வடசென்னையில் ஒரு சில ரேஷன் கடைகளில் தொடங்கிப் பார்க்கலாம். அரிசியைச் சாப்பிட்டவர்களின் சர்க்கரையை, அவர்கள் சம்மதத்தோடு, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து வரலாம். இந்தக் கோரிக்கையை எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள்.