நம்ம இளவேனில், நம்ம தேத்தண்ணித் தோட்டம்
(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் மகளிர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஏதோ குளிர்நாட்டில் வசந்தகாலத்துக்கென்று போட்ட தேநீர்த் தோட்டம்; லாவண்டர், கெமோமில், ஓரமாகப் புதினா, நடுவில் ஒரு சின்ன மேசை. "அக்கா, இதே மாதிரி நம்ம வீட்டுப் பின்னால போடலாமா?" என்று கேட்டிருந்தாள். போடலாம், ஆனால் இதே மாதிரி வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அந்த ஊர்களில் கடைசி உறைபனி போனதும் மண்ணைக் கிளறி நடுகிறார்கள். லாவண்டருக்கு உலர்ந்த காற்று வேண்டும், கெமோமிலுக்குக் குளிர்ச்சி வேண்டும். கேமரன் மலையில் லாவண்டர் பூக்கிறது என்றால் அது மேலே இருக்கிற குளிர். அங்கிருந்து ஆசையாக ஒரு தொட்டி வாங்கி வந்து வாசலில் வைத்தேன். மூன்றாவது வாரத்தில் அடித்தண்டு கறுத்து, இழுத்தால் வேரோடு கையில் வந்துவிட்டது. பகலில் 32, 33 டிகிரி வெயில், சாயங்காலம் கொட்டுகிற மழை, இரண்டையும் அந்தச் செடி எப்படித் தாங்கும்?

நமக்கும் வசந்தம் உண்டு. தமிழில் அதற்கு இளவேனில் என்று பெயர், சித்திரையும் வைகாசியும். தமிழ்நாட்டில் அது வெயில் ஏறுகிற காலம். இங்கே மேற்குக் கரையில் பிப்ரவரி வறட்சி போய், ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வருகிற காலம். சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு நட்டால் கன்று வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீரை வானமே ஊற்றிவிடும். அதைத் தவறவிட்டால் அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை இருக்கிறது.

நடுவதற்கு முன்னால் ஒரு வேலை. வீட்டில் யார் எந்த நேரத்தில் என்ன குடிக்கிறார்கள் என்று ஒரு வாரம் தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் காலையில் இஞ்சி தட்டிப்போட்ட பால் தேத்தண்ணி, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் சில்லென்று ஏதாவது, ராத்திரி எனக்குப் பால் இல்லாமல் ஒரு கோப்பை. என் தோட்டம் அந்த மூன்று வேளையிலிருந்துதான் வந்தது. குடிக்கிறதை மட்டும் நடுங்கள், மற்றதெல்லாம் களையாகத்தான் போகும்.

முதலில் செராய், அதாவது எலுமிச்சைப்புல். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பின்கட்டில் ஒரு செராய்க் குத்து இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. சந்தையில் வாங்கும் தண்டில் அடிக்கிழங்கு இருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், இரண்டு வாரத்துக்குள் வேர் விடும். குத்துக்குக் குத்து மூன்றடி விடுங்கள். தண்டைத் தட்டிப் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். புதினாவும் துளசியும் அப்படியில்லை, கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும். சுடுதண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், மூடி முக்கியம். புதினாவைத் தொட்டியிலேயே வையுங்கள், தரையில் விட்டால் ஓடி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மத்தியான வெயில் அதற்கு ஆகாது.

பிள்ளைகளுக்குச் சங்குப்பூ. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து வேலியோரம் போட்டால் போதும். நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறும், பிள்ளைகள் கண் விரிந்து பார்ப்பார்கள். ரோசல், நம் புளிச்சைக்கீரைச் சொந்தம்தான், அதில் பூ இதழ் வேண்டாம், பூ உதிர்ந்தபின் நிற்கிற சிவப்புப் புல்லிவட்டம்தான் தேத்தண்ணிக்கு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தினமும் குடிக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள், அழுத்தத்தைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டே குடியுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குண்டுமல்லி. சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாளைக்கு விரியும் மொட்டு இல்லை, இன்றைக்கு ராத்திரியே விரியப்போகும் மொட்டு, அது வெள்ளையாக, பருத்து, நுனி லேசாகத் தளர்ந்திருக்கும், அதை மட்டும் பறியுங்கள். ஒரு டின்னில் ஓர் அடுக்கு தேயிலை, ஓர் அடுக்கு மொட்டு என்று போட்டு மூடி வையுங்கள். ராத்திரி மொட்டு வெடித்து விடுகிற வாசத்தைத் தேயிலை குடித்துக்கொள்ளும். காலையில் பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தேயிலையைத் தட்டில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். டின்னைத் திறக்கிற அந்த நொடியில் அடுப்படி முழுக்கச் சாமி அறை மாதிரி மணக்கும்.

இதற்குக் கடைப்பூ வேண்டாம், அதில் மருந்தடித்திருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. எங்கள் அம்மா செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முதுகில் தொட்டி கட்டி வருடக்கணக்காக மருந்தடித்தவர். சாயங்காலம் வந்தால் குளிக்கிற வரைக்கும் எங்களைத் தொட விடமாட்டார். பராகுவாட் என்கிற களைக்கொல்லியை இந்த நாடு 2020இல் தடை செய்தது. அம்மாவுக்கு அது ரொம்பத் தாமதம். அதனால் தோட்டத்து ஓரத்திலும் சாலையோரத்திலும் முளைத்ததைத் தயவுசெய்து பறித்துக் கோப்பையில் போடாதீர்கள். வாசலில் அழகுக்கு வைத்திருக்கிற அரளியை இந்தச் செடிகளோடு சேர்த்து நடவே நடாதீர்கள். அது முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் பூவுக்குப் பூ வித்தியாசம் பார்க்காது.

அடுக்குமாடிக்குப் போய்விட்டோம், மண் ஏது என்று சில அக்காமார் கேட்டீர்கள். பழைய சமையல் எண்ணெய் டின்னில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் நிரப்பினால் துளசியும் புதினாவும் தாராளமாக வரும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம் போதும், டிங்கியை நாமே வளர்க்கக் கூடாது.

அப்புறம், பின்னால் மேசையில் ஈரத்துணி சுற்றிச் செராய்த் தண்டு வைத்திருக்கிறேன், ஆளுக்கு மூன்று. சங்குப்பூ விதை காகிதத்தில் மடித்திருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள், விதையை இன்றைக்கு ராத்திரியே ஊறப்போடுங்கள்.