ஜாவாக் கிராமத்தில் எது யாருக்குச் சொந்தம்?

(நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மழையிலும் கறையானிலும் இருந்து இந்த நூலகத்தின் ஒவ்வொரு புத்தகத்தையும் காப்பாற்றி வைத்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வட்டாட்சியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஐயா பணியில் இருந்த காலத்தில், ஒரு விதவைத் தாயின் பட்டா மாறுதல் மனுவைத் தம் கையாலேயே எடுத்துப் படித்து, அன்றைக்கே குறிப்பெழுதியதை நான் கண்ணால் பார்த்தவன். அவர் இருக்கும் மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் பேறு. ஊராட்சித் தலைவி அவர்களும் கிராம சபையில் நான் எழுப்பிய கோரிக்கையைத் தட்டாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்கள். அதற்கும் நன்றி. “எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பார்கள். என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பழமொழி அது. இன்று அதை நீங்கள் பலமுறை கேட்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஒரு சிறு விவசாயக் கிராமத்தின் வாழ்வும் சொத்தும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல எண்ணியிருக்கிறேன். முதலாவது வீடும் மனையும். இரண்டாவது வயல். மூன்றாவது ஏடு, அதில் யார் பெயர் இருக்கிறது என்பது.

நம் தமிழ்நாட்டின் பரப்பளவுதான் ஏறக்குறைய ஜாவாவுக்கும். அதில் 15 கோடி மக்கள் வாழ்கிறார்கள். நடு ஜாவாவில் சோலோ நகருக்கும் யோக்யகர்த்தாவுக்கும் நடுவே, மெராப்பி எரிமலையின் அடிவாரத்தில், கிளாத்தேன் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் உரமிட்ட மண். அங்கே விளையும் ரோஜோலெலே அரிசிக்கு நாடெங்கும் பேர். அந்த மாவட்டத்தின் ஒரு குக்கிராமத்தில் விருந்தாளியாகத் தங்கியவன் நான். நான் பார்த்ததையும் அங்கே கேட்டதையும்தான் சொல்கிறேன்.

வீட்டில் தொடங்குவோம். வீட்டைச் சுற்றியுள்ள மனைத் தோட்டத்துக்குப் பெகாரங்கான் என்று பெயர். உயரத்தில் தென்னை, அதன் கீழே பலாவும் மெலிஞ்ஜோவும், அதற்கும் கீழே வாழை, தரையில் மரவள்ளி, சேம்பு, இஞ்சி, மஞ்சள். கொல்லையில் கோழி, ஓர் ஆட்டுக்கொட்டில். மெலிஞ்ஜோக் கொட்டையை வறுத்துத் தட்டி அப்பளமாக்கி விற்கிறார்கள் பெண்கள். அந்தக் காசு அவர்கள் கையிலேயே நிற்கிறது. வீட்டுக்கு வீடு மதில் கிடையாது, செடிவேலிதான். அடுத்த வீட்டு முற்றத்தின் வழியாகக் கிணற்றுக்குப் போகலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

இப்போது சொல்லப்போவதைப் பத்திரம் எழுதுகிறவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த ஊர் வழக்கத்தில் நிலம் ஒருவருடையதாகவும், அதன் மேல் நிற்கும் வீடு இன்னொருவருடையதாகவும், மரம் மூன்றாமவருடையதாகவும் இருக்கலாம். பழைய மர வீடுகளுக்கு ஆணி கிடையாது, முளையடித்துப் பொருத்தியவை. நான்கு நடுத்தூண்கள் தாங்கும் ஜோக்லோ வீட்டையே கழற்றி விற்கலாம், வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்தலாம். வாங்கினவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார், மண் பழைய சொந்தக்காரரிடமே இருக்கும். மண்ணும் மண்மேல் உள்ளதும் தனித்தனிச் சொத்து என்பதை அவர்களுடைய வழக்குச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் மனையில் அனுமதி வாங்கி வீடு கட்டிக் குடியிருப்பவரை இந்துங் என்பார்கள். ஊரின் வரிசையில் அவர்களுக்குக் கடைசி இடம். வயலும் மனையும் உடைய ‘கூலி கென்செங்’ குடும்பங்கள்தாம் முன்வரிசை. ஊர் வேலையின் பாரமும் ஊர்ப் பேச்சில் உரிமையும் அவர்களுக்கு.

கால்நடையிலும் இப்படித்தான். மாடு வாங்க வசதியுள்ளவர் வாங்கி, வளர்க்க ஆளுள்ள வீட்டில் விடுவார். கன்றுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். காடுஹான் என்று அதற்குப் பெயர். பசு ஒருவருடையது, புல்லறுக்கிற கை இன்னொருவருடையது. காகிதத்தில் எதுவும் கிடையாது.

ஒரு வீட்டில் கூரை போட்டால் அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பது சம்பாத்தான். கூலி கிடையாது, சோறும் காப்பியும் உண்டு. 2006 மே 27 விடியற்காலையில் அந்தப் பகுதியைப் பூகம்பம் உலுக்கியது. பந்துல், கிளாத்தேன் மாவட்டங்களை மையமாகக் கொண்டு 5,700 பேருக்கு மேல் மாண்டார்கள். இடிந்த ஊர்களை மக்கள் இந்த முறையில்தான் கைகோத்துத் திரும்பக் கட்டினார்கள். இரவுக் காவல் சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கும் சிறு டப்பியில் இருந்து ஒரு பிடி அரிசி எடுத்துப் பொதுவில் சேர்ப்பார்கள். ஜிம்பித்தான் என்ற அந்தப் பிடியரிசி முறையை மகளிர் குழுச் சகோதரிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வயலுக்கு வருகிறேன். வயல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அரை ஹெக்டேருக்கும் குறைவாகப் பயிரிடுகிறவரை அங்கே குரேம் விவசாயி என்கிறார்கள். 2023 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏறக்குறைய 1 கோடியே 69 லட்சம். 2013-இல் 1 கோடியே 42 லட்சமாக இருந்தது. பெரும்பான்மை ஜாவாவில்தான். நிலமில்லாதவர் வாரத்துக்கு எடுப்பார். பாதிக்குப் பாதி என்றால் மரோ. பணமுடை வந்தால் வயலை ஒத்தி வைப்பார்கள். அனி-அனி என்ற சிறு கத்தியால் கதிர் கதிராக அறுத்த பெண்கள் விளைச்சலில் பங்கு பெற்றார்கள், அது பாவோன். 1970-களில் வியாபாரிகள் நின்ற பயிரையே விலைபேசி வாங்கி, அரிவாளோடு தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தப் பெண்களின் பங்கு போயிற்று. எந்த ஏட்டிலும் எழுதாத பங்கு. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

ஊர்த் தலைவர் லூராவுக்கும் மற்ற ஊர்ப் பணியாளர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஊர் நிலத்தில் பங்கு விட்டு வந்தார்கள், அது பெங்கோக். பதவி போனால் நிலமும் போகும். அந்த ஏற்பாடு மன்னராட்சிக் காலத்தில் தொடங்கி வந்தது. 1811 முதல் 1816 வரை ஆண்ட ஆங்கிலேயர் நிலவரி கொண்டுவந்தார்கள். 1830-இல் டச்சுக்காரர்கள் ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் ஏற்றுமதிப் பயிர் போடச் சொன்னார்கள், அதற்கு மேலும் பிடுங்கினார்கள். விடுதலைக்குப் பிறகு, 1960 செப்டம்பர் 24-இல் நிலச் சட்டம் வந்தது. அந்த நாளை இன்றும் உழவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நில உச்சவரம்பும் வந்தது. அதை நடைமுறைப்படுத்தத் தாமதமானதும் 1964-இல் இதே கிளாத்தேனில் நிலமற்றவர்கள் தாமே வயலில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி மக்களைக் கொன்று குவித்த படுகொலைகளுக்குப் பிறகு நிலப் பங்கீடு என்று வாயெடுக்கவே பல காலம் மக்கள் அஞ்சினார்கள். இதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

அந்த 1960 சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஆணாயினும் பெண்ணாயினும் நிலவுரிமை பெற எல்லாக் குடிமக்களுக்கும் சம வாய்ப்பு என்கிறது. பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரிக்க வழக்கத்தில் இரண்டு முறை உண்டு. மகனுக்குக் காவடியில் தூக்கும் இரட்டைச் சுமை, மகளுக்கு முதுகில் கட்டும் ஒற்றைச் சுமை என்பது ஒன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்பது மற்றொன்று. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு வீடு போவது சாதாரணம். கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்தது கோனோ-கீனி, இருவருடைய பொதுச் சொத்து. 1974 திருமணச் சட்டமும் அதை ஏற்றது. ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கு என்று 1991-இல் தொகுத்த இசுலாமியச் சட்ட விதிகளும் சொல்கின்றன. சட்டத்தில் குறை ஒன்றுமில்லை. குறை ஏட்டில் இருக்கிறது. எப்படி என்பதற்கு அந்த ஊரில் கேட்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு மூதாட்டி. ஊரே அவரைச் சிம்பா என்று கூப்பிடும், நம்மூரில் அப்பத்தா என்கிறோமே அப்படி. வயதுக்காலம் முழுக்க டெம்பே விற்றவர். சோயா மொச்சையை வேகவைத்து இலையில் கட்டிப் புளிக்கவைத்தால் டெம்பே. அங்கே ஐந்து நாளைக்கு ஒருமுறை சந்தை. லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன் என்று அந்த ஐந்து நாட்களுக்கும் பெயர். நம் ஏழு கிழமைகளோடு சேர்த்து “செவ்வாய்க் கிளிவோன்” என்று நாள் குறிப்பார்கள்.

சிம்பாவுக்குக் குழந்தை இல்லை. கணவர் இறந்தார். காரியமெல்லாம் முடிந்தபின் கொழுந்தன் வந்தார். “வயல் எங்கள் அப்பா சொத்து, அண்ணன் பேரில் இருக்கிறது, அண்ணனுக்குப் பிள்ளையில்லை, எங்களுக்குத் திரும்ப வேண்டும்” என்றார். ஊர்ச்சாவடியில் பாயைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். லூரா வந்தார். பள்ளிவாசல் பெரியவர் மோதின் வந்தார். ஊர்க் கணக்கர் சாரிக், லெத்தர் சே என்ற பழைய வரிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏடு முழுக்கப் புரட்டினார்கள். கணவர் பெயர் மட்டும் இருந்தது. சிம்பா பெயர் எந்த வரியிலும் இல்லை.

மோதின் சொன்னார்: “சேர்ந்து வாங்கியது என்றால் பாதி இந்த அம்மாவுடையது.” கொழுந்தன் விடவில்லை. “வாங்கியது என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்றார். சாவடியில் பேச்சு மூச்சில்லை.

சிம்பா எழுந்தார். காகிதம் ஒன்றும் கொண்டுவரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். “மெராப்பி சாம்பல் நம் ஓட்டுக்கூரையில் படிந்த வருஷம். செவ்வாய்க் கிளிவோன். வடக்குத் தெருக்காரர் குடும்பத்தோடு அரசாங்கக் குடியேற்றத்தில் சுமத்ராவின் லம்போங்குக்குப் புறப்பட்டார், அவசரத்துக்கு வயலை விற்றார். என் காதுத் தோடு ஒரு ஜோடி, டெம்பே விற்றுச் சேர்த்த காசு, இரண்டு ஆடு. பழைய லூரா திண்ணையில் எல்லோர் முன்னாலும் எண்ணிக் கொடுத்தேன். அன்று ராத்திரி வீட்டில் ஸ்லாமெத்தான் விருந்து. முழுக்கோழி, தேங்காய்ப்பால் சோறு, கீரைக் கலவை, என் கையால் செய்த டெம்பே. இடப்பக்கம் இன்னார் உட்கார்ந்தார், வலப்பக்கம் இன்னார்.” வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாராம். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மீதிப் பேர் அந்தச் சாவடியிலேயே உட்கார்ந்து தலையை ஆட்டினார்கள்.

பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினார். “நீயும் வந்திருந்தாய் தம்பி. விருந்து முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு மூங்கில் பெட்டிச் சோறு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நீ மட்டும் இரண்டு பெட்டி கேட்டாய். யாருக்கு என்றேன். பெண்சாதிக்கு என்றாய். உனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லையே அப்பா!”

சாவடி இடிந்துவிழும்படி சிரிப்பு. லூரா சிரித்தார், மோதின் சிரித்தார், கடைசியில் கொழுந்தனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சண்டை அத்தோடு முடிந்தது. வயல் சிம்பாவிடம் நின்றது. சாரிக் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து அவர் பெயரை ஏட்டில் சேர்த்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், சிரிக்க வேண்டிய கதைதான். ஊர் முன்னிலையில், வெளிச்சத்தில், ரொக்கம் கொடுத்து வாங்கினால் செல்லும் என்பது அவர்களின் பழைய நியாயம். சாட்சிகள் உயிரோடு இருந்ததால் அது சிம்பாவைக் காத்தது. நாலு மழைக்காலம் கழித்து அந்தக் கூட்டம் நடந்திருந்தால்? கொழுந்தன் சிரிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால்? டெம்பே விற்று வயல் வாங்கிய பெண் இன்னொருத்தர் மனையில் இந்துங்காகப் போய் நின்றிருப்பார். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

“நெற்றியில் ஒரு தொடுதல், நிலத்தில் ஒரு விரற்கடை, இரண்டுக்கும் உயிரைக் கொடு” என்று ஜாவாவில் ஒரு மொழி உண்டு. நெற்றி என்றது மனைவியின் மானத்தை. மனைவியையும் மண்ணையும் ஒன்றாக வைத்து உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள், அந்த மண்ணின் ஏட்டில் மனைவி பெயரைச் சேர்க்க ஏன் மறந்தார்கள்? 2017 முதல் அந்த அரசு ஊர் ஊராக நிலத்தை அளந்து சான்றிதழ் கொடுக்கிறது. நல்ல காரியம். பழைய வரிச்சீட்டுகள் ஐந்தாண்டுக்குப் பின் உரிமை ஆவணமாகச் செல்லாது என்று 2021-இல் விதியும் வந்தது. புதிய சான்றிதழிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் ஏறும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பழைய ஏட்டின் பிழை புதிய ஏட்டுக்கு மாறிப்போகிறது, இந்த முறை அரசு முத்திரையோடு. இருவர் பெயரையும் எழுதச் சட்டத்தில் தடை கிடையாது. கேட்க வேண்டும், கேட்டால் எழுதுவார்கள்.

தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன் ஐயா. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுவருவது உங்களுக்குத் தெரியும்: சேர்ந்து சம்பாதித்து வாங்கும் மனையோ வயலோ, பத்திரத்தில் மனைவி பெயரும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 1989-லேயே மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் போட்டோம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இன்னும் எத்தனை வீடுகளில் அம்மாவின் நகை அப்பாவின் பெயரில் வயலாகக் கிடக்கிறது!

வாசலுக்கு இடப்புறம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். சகோதரிகள் தங்கள் வீட்டுப் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் அங்கே காட்டுங்கள். யார் பெயரில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்வோம். பெயர் சேர்க்க வழியிருந்தால் மனுவும் எழுதித் தருவோம், கட்டணம் எதுவும் கிடையாது. வட்டாட்சியர் ஐயா எட்டு மணி வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.