இன்றேல், ஏன்?

(இலங்கையின் ஹட்டனில் தோட்ட இளைஞர்களும் ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கும் அக்காமாரே, தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நமக்குப் பாராளுமன்றம் என்றால் பேச்சுதான். யார் எப்படி முழங்கினார், யார் யாரை மடக்கினார், அந்த வீடியோ நம் போனுக்கு வந்ததா என்று பார்ப்பதோடு நம் அக்கறை தீர்ந்துவிடுகிறது. நான் பேச வந்திருப்பது எந்த வீடியோவிலும் வராத ஒரு வேலையைப் பற்றி. ஓர் உறுப்பினர் தாளில் எழுதிக் கொடுக்கும் கேள்வியும், அதற்கு அமைச்சு எழுத்தில் தந்தாக வேண்டிய பதிலும். அந்தச் சபைக்குள் மலையகத்துக்கு இதைவிடக் கூரிய ஆயுதம் கிடையாது என்று நான் நம்புகிறேன். அதை நாம் பாதியளவுகூட எடுத்து வீசவில்லை என்பது என் ஆதங்கம்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் தன் வினாவை எழுதிச் செயலாளர் நாயகத்திடம் கையளிக்கிறார். அது பாராளுமன்றத்தின் விதிகளான நிலையியற் கட்டளைகளுக்கு அமைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வினாவுக்குள் வாதம் இருக்கக் கூடாது, ஊகம் இருக்கக் கூடாது, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொடக் கூடாது. கேட்கப்படும் அமைச்சரின் பொறுப்புக்குள் விடயம் வர வேண்டும். சரியாக இருந்தால் அது சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். வாய்மூல விடை கேட்டிருந்தால் சபையில் பதில் வரும், உறுப்பினர் எழுந்து மேலதிக வினாக்களும் தொடுக்கலாம். எழுத்துமூல விடை என்றால் பதில் நேரே சபை நடவடிக்கைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். வாய்மூல வினாவிலும் தரவு நீளமாக இருந்தால் அமைச்சர், "விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். சபையில் யாரும் அதை வாசிப்பதில்லை. ஆனால் நமக்கு வேண்டிய எண்கள் எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

இனி, பெரும்பாலானோர் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். வினா அமைச்சுக்குப் போனதும் என்ன நடக்கிறது? அமைச்சின் செயலாளர் அதைத் திணைக்களத்துக்கு அனுப்புகிறார். திணைக்களம் மாவட்டச் செயலகத்தைக் கேட்கிறது, மாவட்டம் பிரதேச செயலகத்தைக் கேட்கிறது, கடைசியில் கிராம சேவகர் கையில் வந்து நிற்கிறது. "இந்த டிவிசனில் மண்சரிவு ஆபத்தில் எத்தனை குடும்பங்கள்?" என்று பாராளுமன்றம் கேட்டுவிட்டால், பட்டியல் இல்லாத இடத்தில் பட்டியல் போட்டாக வேண்டும். ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. அந்த எண் சரியென்று யாரோ ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. பதில் சபைக்கு வந்து சேரும் முன்பே கேள்வி பாதி வேலையை முடித்துவிடுகிறது. மேடைப் பேச்சால் எந்தக் கந்தோரிலும் ஒரு கோப்பும் அசைவதில்லை.

அந்த வினாக்கள் எழுதப்படும் முறையையும் பாருங்கள். ஹன்சாட்டைத் திறந்தால் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். (அ) என்று தொடங்கி, அதற்குள் (i), (ii), (iii) என்று பிரித்து, ஒவ்வொன்றும் "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று முடியும். கடைசியில் (ஆ) அல்லது (இ) என்று ஒரே வரி வரும்: "இன்றேல், ஏன்?" முதல் முறை வாசிக்கிறவருக்கு அது வெறும் சடங்காகத் தெரியலாம். ஆனால் முழுக் கேள்வியின் பாரமும் அந்த வரியில் இருக்கிறது. செய்யவில்லை என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது, செய்யாததற்குக் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். காரணம் அச்சேறிவிட்டால் அடுத்த வருடம் அதே காரணத்தை இன்னொரு முறை சொல்வது கஷ்டம்.

இந்த உரிமை நமக்குச் சும்மா வந்ததல்ல. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர் சட்டசபையிலும், பிறகு ஹட்டன் உறுப்பினராக அரசாங்க சபையிலும் தோட்டத் தொழிலாளருக்காக நின்றவர். 1947இல் நம் ஆட்கள் நம் வாக்குகளாலேயே பாராளுமன்றம் போனார்கள். அடுத்து 1948இல் நம்மவரில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம், 1949இல் அதன் தொடர்ச்சி. வாக்காளர் இடாப்பில் இருந்து நம் பெயர்கள் போயின. 1952 தேர்தல் முதல் 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாவில் வெல்லும் வரை, தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் ஒருவரையும் அந்தச் சபைக்கு அனுப்ப முடியவில்லை. இடையில் நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று நம்மைப் பங்கு பிரித்தபோது, அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தாங்களே தெரிவு செய்த ஓர் உறுப்பினரிடம் போய், "இதைக் கேளுங்கள் ஐயா" என்று சொல்ல வழி இருக்கவில்லை. கேட்க ஆளில்லாத கால் நூற்றாண்டை நம் பாட்டன் பாட்டிமார் கடந்து வந்தார்கள். இன்றைக்கு ஆள் இருந்தும் நாம் கேட்கக் கொடுக்காமல் இருந்தால், அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எப்படிக் கேட்பது? உதாரணத்துக்கு ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட வீதியை எடுத்துக்கொள்வோம். "மலையக வீதிகள் எப்போது சீராகும்?" என்று கேட்டால், "நிதி கிடைத்ததும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். கேள்வி அவ்வளவு அகலமாக இருந்தால் பதிலும் அப்படித்தான் இருக்கும். அதையே பிரித்து எழுதுங்கள். பிரதான வீதிச் சந்தியில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரையான இந்த வீதி இன்று எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது: வீதி அபிவிருத்தி அதிகார சபையா, மாகாண சபையா, பிரதேச சபையா, தோட்டக் கம்பனியா? கம்பனியிடம் இருந்தால், அதைப் பிரதேச சபைக்குக் கையளிக்க எந்தத் திகதியில் யார் கடிதம் எழுதினார்? கடந்த ஐந்து வருடத்தில் இதற்கு வருடவாரியாக ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்த தொகை எவ்வளவு? இன்றேல், ஏன்?

முதல் துணைக்கேள்விதான் இதில் உயிர். தோட்ட வீதி யாருடையது என்று தெரியாத வரை ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு எந்தெந்தப் பிரதேச சபை எந்தெந்தத் தோட்டத்தில் எவ்வளவு செலவழித்தது? இதை ஆண்டுதோறும், சபைவாரியாகக் கேட்க வேண்டும்.

வீடுகளிலும் இதே பிரச்சினைதான். இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 என்று அறிவித்தார். நாம் எத்தனை வீடு என்று மட்டும் கேட்டால், அடிக்கல் நாட்டியதும் கூரை போட்டதும் ஒரே எண்ணிக்கைக்குள் போய்விடும். அடிக்கல் நாட்டியவை எத்தனை, குடியேறியவை எத்தனை, தண்ணீரும் கரண்டும் கிடைத்தவை எத்தனை, காணி உறுதி கையில் கிடைத்த குடும்பங்கள் எத்தனை என்று நான்கு எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். உறுதி இல்லாத வீட்டில் இருப்பவர் வங்கியில் கடன் கேட்கப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்ததைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்தச் சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், மலைநாடு மண்ணோடு சரிந்தது. வெளியேற வேண்டும் என்று அடையாளமிட்ட குடும்பங்கள் தோட்டவாரியாக எத்தனை? அவர்களுக்கு மாற்றுக் காணி ஒதுக்கிய திகதி எது? காணியை விடுவிக்கும்படி கம்பனிக்குக் கடிதம் போன திகதி எது, பதில் வந்த திகதி எது? ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு இந்த வினா ஒழுங்குப் பத்திரத்தில் இருக்க வேண்டும். மலை சரிந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

"அது தனியார் கம்பனியின் விடயம்" என்ற பதிலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்தார்கள், பிராந்தியக் கம்பனிகள் 22 உருவாகின. ஆனால் காணி அரசுக்குரியது, கம்பனிக்கு இருப்பது குத்தகை. அரசாங்கத்திடம் பொற்பங்கு என்ற விசேட பங்கும் இருக்கிறது. ஆகையால் கம்பனி என்ன செய்தது என்று கேட்காமல், அரசாங்கம் என்ன செய்தது என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப். காசைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில்கொடுப்போர் பங்காக 12 வீதமும் கட்டப்பட வேண்டும். சம்பளப் பதிவான செக்ரோலில் 8 வீதம் வெட்டியிருக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை என்றால், தொழில் அமைச்சரிடம் கேட்கலாம்: இந்தத் தோட்டத்தில் தொழில் திணைக்களம் கடைசியாகப் பரிசோதனை செய்த திகதி எது? நிலுவை எவ்வளவு? நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்குகள் எத்தனை? அறவிட்டது எவ்வளவு? இவற்றில் ஒன்றைக்கூடத் தனியார் விடயம் என்று தள்ளிவிட முடியாது.

நம் உறுப்பினர்கள் பல வேளைகளில் அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். "ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு எப்படிக் கேட்பது?" என்பார்கள். இந்தியாவில் 1957இல் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். அரசுடைமையான ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்த்ரா என்ற முதலாளியின் கம்பனிப் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. மக்களவையில் ஒரு வினாவாகத்தான் அது கிளம்பியது. வந்த பதில் திருப்தி தரவில்லை, பெரோஸ் காந்தி விடாமல் தோண்டினார். அவர் ஆளும் காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். அதை விசாரிக்கச் சக்லா ஆணைக்குழு அமைந்தது. 1958 பெப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினரின் கேள்விக்கு அவ்வளவு பலம் இருந்திருக்கிறது.

தட்டிக் கழிக்கும் வழிகளும் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். "விடையளிக்கக் கால அவகாசம் கோருகிறேன்" என்பது முதலாவது. சில வேளை அது நியாயமானது, பதுளையில் இருந்து தரவு வர நாள் எடுக்கும். அதே வினாவுக்கு மீண்டும் மீண்டும் அவகாசம் என்றால், அந்தத் திகதிகளைக் குறித்து வைத்து உறுப்பினருக்கு நினைவூட்டுவது நம் வேலை. இரண்டாவது, "தகவல்கள் சேகரிக்கப்படுகின்றன". மூன்றாவதுதான் ஆபத்தானது: கேட்டதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றுக்கு முழுமையாகப் பதில் சொல்வது. தோட்டத்தைக் கேட்டால் மாவட்டத்துக்குப் பதில் வரும், செலவைக் கேட்டால் ஒதுக்கீடு வரும். கொழுந்து நிறுக்கும்போது நம் அம்மாமார் தராசு முள்ளில் இருந்து கண்ணை எடுப்பதில்லை. பதிலையும் அந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும்.

வினாவுக்கு அடித்தளம் போட இன்னொரு சட்டமும் நம் கையில் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்துக்கே போய் விண்ணப்பம் கொடுக்கலாம், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினரிடம் போனால், அவர் கேட்கும் கேள்விக்கு நழுவ இடமிருக்காது. பிரதேச செயலகம் உங்களுக்குச் சொன்ன எண்ணும் அமைச்சர் சபைக்குச் சொன்ன எண்ணும் வேறுபட்டால், அந்த வேறுபாடே அடுத்த வினா.

சில உறுப்பினர்கள் உண்மையாகவே உழைக்கிறார்கள். ஆனால் கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு டயகமவில் எந்த டிவிசனில் தண்ணீர்த் தொட்டி வெடித்துக் கிடக்கிறது என்று தெரியாது. பொகவந்தலாவையில் யாருக்கு அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டார்கள் என்றும் தெரியாது. அது தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஆசிரியர்களே, வினாவைப் பிரித்து எழுதும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பிமார் ஹன்சாட்டைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருந்து இறக்கி, நம் மாவட்டம் பற்றிய பக்கங்களைப் பிரித்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் கோயிலடியிலும் வாசித்துக் காட்டுங்கள். எந்த உறுப்பினர் என்ன கேட்டார், எதைக் கேட்கவே இல்லை என்பதும் அதில் தெரியும். வாக்குக் கேட்டு வரும்போது அந்தப் பக்கங்களோடு நாம் முன்னால் நிற்கலாம்.

வாசல் மேசையில் தாள்கள் இருக்கின்றன. தோட்டத்தின் பெயர், டிவிசன், கிராம சேவகர் பிரிவு, விடயம், எந்தக் கந்தோருக்கு எந்தத் திகதியில் முறையிட்டீர்கள் என்பதை எழுதி, கடிதப் பிரதி இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த முறை வீதி, ஈ.பி.எப்., மண்சரிவு மூன்றையும் வினாக்களாக்கி, மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும், கட்சி பாராமல், ஒரே நாளில் கையளிப்போம். பிள்ளை பராமரிப்பு நிலையங்களான பிள்ளை மடுவங்களையும் தோட்ட வைத்தியசாலைகளையும் அடுத்த கூட்டத்தில் எடுப்போம்.