ஒரே காலின் இரண்டு உதைகள்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் என்றதும் விளையாட்டு ஓரத்தில் நின்று கத்துகிற மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். அவருடைய வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பந்து நகரும் முன் எந்த ஆளை எங்கே நிறுத்துவது, அவர் எதைப் பார்த்து எப்படி நகர வேண்டும் என்பதே அந்த வேலை. நிக் சேபனின் வாழ்வை வைத்து இதைச் சொல்கிறேன்.

1951-ல் மேற்கு வெர்ஜீனியாவில் பிறந்தவர். 1973-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி 1990-ல்தான் கிடைத்தது, டொலீடோவில். பிறகு கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணியில் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசெக்கின் கீழ் நான்கு ஆண்டுகள் தற்காப்புப் பொறுப்பு. மிஷிகன் ஸ்டேட், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸ் என்று போய், 2007 முதல் 2023 பருவம் வரை அலபாமா பல்கலைக்கழகம். தேசியப் பட்டங்கள் ஏழு: எல்எஸ்யூவில் ஒன்று, அலபாமாவில் ஆறு.

அவர் கற்றுக்கொடுத்த தற்காப்பைக் கொஞ்சம் பாருங்கள். பின்களத்தை மூன்று பேர் மூன்று பங்காகப் பிரித்துக் காப்பது பழைய முறை. எதிரணியில் பந்தைப் பிடிக்க நான்கு பேர் ஒரே நேரத்தில் நேராக ஓடினால் கணக்கு உதைக்கும். நடுவில் நிற்பவர் இரண்டு பேருக்கு இடையே மாட்டிக்கொள்வார். சேபனின் முறையில், முன்னால் நிற்கும் தற்காப்பாளர் தன் பக்கத்து உள்வரிசை ஆளைக் கவனிக்கிறார். அந்த ஆள் நேராக ஓடினால் விடாமல் கூடவே ஓட வேண்டும். சீக்கிரமே பக்கவாட்டில் திரும்பினால் அவரை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, யார் வருகிறார் என்று பார்க்க வேண்டும். அடையாளச் சொல் வலப்பக்கம் ‘ரிப்’, இடப்பக்கம் ‘லிஸ்’. இந்தச் சொல் ஒருவர் காதில் விழாமல் போனாலும் போதும், எதிராளி ஒருவர் துணையில்லாமல் தனியே ஓடுவார். புதிய மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இனி உதைகளுக்கு வருவோம். என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய தவறும் மிகத் துணிவான முடிவும் இங்கேதான் இருக்கின்றன.

2013 நவம்பர் 30, ஆபர்ன் அணிக்கு எதிராக அவர்கள் மைதானத்தில் அலபாமா, 28–28. நேரம் முடிந்துவிட்டது என்றார்கள் நடுவர்கள். ஒரு நொடி மிச்சம் இருக்கிறது என்று சேபன் வாதாடினார், வீடியோ பார்த்துக் கொடுத்தார்கள். அந்த நொடியில் 57 யார்டிலிருந்து ஃபீல்டு கோலுக்கு, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க, இளம் உதைப்பாளர் ஆடம் கிரிஃபித்தை அனுப்பினார். பந்து எட்டவில்லை. எட்டாத பந்தை எதிரணி பிடித்து ஓடலாம் என்பது விதி. கம்பத்தடியில் நின்ற ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பிடித்து 109 யார்டு ஓடினார். ஆபர்னுக்கு வெற்றி, 34–28. ஏன் தடுக்க முடியவில்லை? உதையைக் காக்க நிறுத்தப்படுபவர்கள் பெரும்பாலும் கனத்த உடம்புக்காரர்கள், அதுவும் நெருக்கியடித்து நடுவில். ஓரக்கோட்டில் பறக்கும் ஒருவரை அவர்களால் துரத்த இயலாது. அவ்வளவு தூர உதைக்கு ஆள்தேர்வே மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் நேர ஆட்டத்துக்குக் காத்திருந்திருக்கலாம்.

அதே கிரிஃபித்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. 2016 ஜனவரி 11, அரிசோனாவின் கிளெண்டேல், கிளெம்சனுக்கு எதிரான இறுதிப் போட்டி. கடைசிக் கால்பகுதியில் 24–24. உதையை வாங்க நிற்கும் கிளெம்சன்காரர்கள் ஒரு பக்கமாக ஒடுங்குவதைப் பயிற்சிக்குழு கண்டு வைத்திருந்தது. புள்ளி எடுத்த அணி பந்தை எதிராளிக்கு அனுப்ப வழக்கமாகத் தொலைதூரம் உதைப்பது அது. கிரிஃபித் குட்டையாக, உயரமாக, வலப்பக்கம் தூக்கிவிட்டார். உதைத்த அணியே பந்தை எடுக்க வேண்டுமானால் அது 10 யார்டாவது போக வேண்டும். தவறினால் எதிராளிக்கு நடுக்களத்திலேயே பந்து. காலியாகக் கிடந்த இடத்துக்கு ஓடி மார்லன் ஹம்ஃப்ரி அந்தரத்திலேயே பிடித்தார். அதற்கு அடுத்த இரண்டாவது நகர்விலேயே அலபாமாவின் ஓ.ஜே. ஹோவர்டுக்கு 51 யார்டு டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் புள்ளிகள்.

முடிவு 45–40, அலபாமாவுக்கு வெற்றி.