புதிதாக வந்த பூனையும் வீட்டாரின் உறக்கமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீன் ஏலம் நடக்கும் கரைக்கு விடியற்காலையில் சென்றவர்கள் அங்கே கூடைகளுக்கும் வலைக் குவியல்களுக்கும் இடையே திரியும் பூனைகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றின் மீது பிள்ளைகளுக்கு ஆசை வந்து, அல்லது நமக்கே இரக்கம் வந்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பகல் முழுவதும் அது கட்டிலுக்கடியில் பதுங்கிக் கிடக்கிறது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் கத்தத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் வீட்டுப் பெரியவர், 'இதைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டுவிடு' என்கிறார். நாற்பது குட்டிகளுக்கு மேல் வீடு தேடிக் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பி வந்த பூனைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் நாளில்தான் திரும்பி வந்தன. ஆகவே, அந்த முதல் சில இரவுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பூனையின் கண்ணைப் பற்றி வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு பூனையை எப்படித் தூங்க வைப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், பள்ளிக்கூடமே போயிராத என் அடுத்த வீட்டு அப்பத்தா. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓர் ஐப்பசி மாதம். கரையிலிருந்து சாம்பல் நிற வரிப்பூனை ஒன்றைப் பனையோலைக் கடகப்பெட்டியில் வைத்து, மேலே பழைய சேலையால் வாய் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது ஏலக்காரர் ஒருவர் மீன் அள்ளிய கடகம். அந்தப் பூனை குட்டியாக இருந்தபோதிலிருந்து அதற்குள்தான் படுத்து வந்தது என்று அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். வந்ததும் நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். முதலில் பூனையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். கடகம் நாறுகிறது என்று கொல்லைப்புறத்தில் வீசினேன். சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். எல்லா அறைக் கதவுகளையும் திறந்து வைத்து, 'இனி இது உன் வீடு' என்று பெருந்தன்மையாக விட்டேன். ஒரு கிண்ணம் நிறையப் பசும்பாலும் வைத்தேன்.

அது ஒரே தாவலில் பரணில் ஏறி, அண்டாக்களுக்குப் பின்னால் போய்விட்டது. பதினொரு மணிக்குத் தொடங்கிய கத்தல் விடியும் வரை ஓயவில்லை. குடித்த பாலும் வயிற்றில் நிற்கவில்லை. பரணைக் கழுவியது ஒரு தனிக் கதை. மறுநாள் இரவும் அதே கச்சேரி. நாட்டுப்படகில் மூன்று மணிக்குக் கடலுக்குப் போக வேண்டிய எதிர் வீட்டுக்காரர், 'டீச்சர், ராத்திரியெல்லாம் உங்க வீட்டுல என்ன பஞ்சாயத்து?' என்று வாசலில் நின்று கேட்டார். குட்டி போட்ட பூனை மாதிரி என்று சொல்வார்களே, அப்படி நான்தான் அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை கறிவேப்பிலை பறிக்க வந்த அப்பத்தா கொல்லையில் கிடந்த கடகத்தைப் பார்த்துவிட்டு, 'டீச்சரம்மா, அதுக்கு வயித்துப் பசி இல்ல. வாடை தெரியாத வீட்டுல அது எப்புடிக் கண்ண மூடும்?' என்றார். அவரே கடகத்தை எடுத்து வந்து, சாமான் வைக்கும் சிறிய அறையின் மூலையில், வாய் சுவரைப் பார்க்கும்படி ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாய்த்து வைத்தார். கழுவ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பூனையைப் பிடித்து அந்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். அன்று இரவு ஒரு மணி வரை கத்தியது, பிறகு அடங்கிவிட்டது. அடுத்த இரவு அரை மணி நேரம். ஐந்தாம் இரவு அது கத்தவில்லை என்பதே எனக்குக் காலையில்தான் நினைவுக்கு வந்தது.

அப்பத்தா சொன்னதன் காரணத்தை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பூனையின் கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. அது நம் காலிலும் கதவு நிலையிலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு போவதைக் கொஞ்சல் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தன் மணத்தை அங்கே பூசி, இந்த இடம் எனக்குத் தெரிந்த இடம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. புதிய வீட்டில் அந்தக் குறிகளில் ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு நான் அதன் உடம்பில் இருந்த மணத்தையும் சோப்பால் கழுவிவிட்டேன். மிச்சமிருந்த ஒரே அடையாளம் அந்தக் கடகம். அதையும் வெளியே எறிந்துவிட்டு, ஏன் கத்துகிறாய் என்று அதனிடமே கேட்டிருக்கிறேன்.

நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2014ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பத்துப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவற்றுக்கு மூன்றாம் நான்காம் நாளிலேயே பதற்றம் தணிந்திருந்தது. மூன்றாம் நாள் என்பதைக் கவனியுங்கள், நம் வீடுகளில் பூனையைத் திருப்பி அனுப்பும் அதே மூன்றாம் நாள். அட்டைப் பெட்டியும் போதும் என்றாலும், நம் பனையோலைக் கடகத்தையே நான் சிபாரிசு செய்வேன். உள்ளே இருட்டாக இருக்கும், ஓலைக் கண் வழியாகக் காற்றும் வரும், நகத்தால் பிறாண்டவும் தோதானது. எனவே நேயர்களே, பூனை எதில் வந்ததோ, எதன் மேல் படுத்திருந்ததோ, அந்தக் கடகத்தையும் துணியையும் முதல் இரண்டு வாரங்களுக்குக் கழுவாதீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தாலும் கழுவாதீர்கள்.

அறையும் ஒன்றே போதும். வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடுவது, ஊருக்குப் புதிதாக வந்தவரைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். ஒரு சிறிய அறை, அதில் ஒரு மூலையில் கடகம், எதிர் மூலையில் மணல் தட்டு, இரண்டுக்கும் தள்ளிச் சோறும் தண்ணீரும் இருந்தால் போதுமானது. நீங்கள் உள்ளே போனால் தரையில் உட்காருங்கள், கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அது உங்களைப் பார்க்கும்போது கண்ணை மெல்ல மூடித் திறந்தீர்களானால், பெரும்பாலும் அதுவும் அப்படியே மூடித் திறக்கும். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் இதைச் சோதித்து, அப்படிக் கண் மூடித் திறப்பவர்களிடம் பூனை கூடுதலாக நெருங்கி வருகிறது என்று எழுதினார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று பழமொழியில் அதைக் கேலி செய்கிறோம். நம் எதிரில் அது கண்ணை மூடுகிறது என்றால், நம்மால் ஆபத்தில்லை என்று முடிவு செய்துவிட்டது என்றுதான் பொருள். முதல் வாரம் அறை, பிறகு மெதுவாக வீடு, வாசலுக்கு மூன்று நான்கு வாரங்கள் கழித்து. அதற்கு முன்பே வெளியே விட்டால், சாக்கில் கட்டித் தொலைவில் விட்டாலும் திரும்பி வந்துவிடும் அந்தப் பழைய சாமர்த்தியத்தில், அது கரையைத் தேடிக்கொண்டு போய்விடும்.

இனி உறக்கத்துக்கு வருகிறேன். பூனை ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் வரை தூங்கும் பிராணி. அதற்குத் தூக்கம் வராமல் இல்லை, அதன் நேரமும் நம் நேரமும் ஒன்றாக இல்லை. அந்தியிலும் விடியலிலும் வேட்டையாடுவது அதன் பிறவிக் குணம். நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். நம் காதுக்கு எட்டாத எலிக் கீச்சுகளும் அதற்குக் கேட்கும். நள்ளிரவில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் காட்டுப்பூனையைச் சங்கப் புலவர்களே பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

வேட்டை, உண்ணுதல், உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், உறக்கம் என்ற வரிசையில்தான் அதன் வாழ்க்கை ஓடுகிறது. இந்த வரிசையை நம் படுக்கை நேரத்துக்கு இழுத்து வைத்துவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மாலையில் அது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள். இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு குச்சியின் நுனியில் துணி கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவும் பாயவும் விடுங்கள், கடைசியில் அது பிடித்துவிடும்படி விட்டுக்கொடுங்கள். உடனே அன்றைய உணவில் பெரிய பங்கை வையுங்கள். தின்றுவிட்டு நக்கிக்கொள்ளத் தொடங்கியதும் விளக்கை அணையுங்கள். விளையாட்டு, பிறகு மீன், பிறகு இருட்டு. இந்த வரிசை தினமும் மாறாமல் இருக்க வேண்டும்.

நம் கரையோர வீடுகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. விளையாட்டுக்குத் தூண்டில் நரம்பைப் பயன்படுத்தாதீர்கள். மீன் வாடை ஏறிய நரம்பைப் பூனை விழுங்கிவிடும், அது குடலை அறுத்துவிடும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நுனி தொங்கினால் இழுக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அப்படியும் நடு இரவில் கத்தினால் என்ன செய்வது? வளர்ந்த பூனையானால், தண்ணீரும் மணலும் இருக்கின்றன, உடம்பு நன்றாக இருக்கிறது என்று படுக்கும் முன்பே உறுதி செய்துகொண்டு, கதவைத் திறக்காமல் இருங்கள். பத்து நிமிடம் பொறுத்துவிட்டுப் பதினோராம் நிமிடம் எழுந்து போனீர்களானால், பதினொரு நிமிடம் கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அதட்டுவதும் அதற்கு ஒரு பதில்தான். ஆனால் எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு இரவிலும் பசிக்கும், குளிரும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, எழுந்து ஊட்டத்தான் வேண்டும்.

என் எதிர் வீட்டுக்காரரைச் சொன்னேன் அல்லவா? பிற்பாடு அவரே என்னிடம் ஒரு குட்டி வாங்கிக்கொண்டு போனார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக அதற்கு இரண்டு காரல் மீனைப் போட்டுவிட்டுக் கடலுக்குக் கிளம்புவார். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களில் அவர் வீட்டில் தூங்குவார். பூனைக்குக் கூண்டைப் பற்றி என்ன தெரியும்? மூன்று மணிக்கு அவர் நெஞ்சின் மீது ஏறி உட்கார்ந்துவிடும். பழியைப் பூனை மீது போடக் கூடாது. எழுந்தவுடன் மீன் என்று பழக்கியவர் அவர். அவர் கிளம்பிப் போன பிறகு ஆறு மணிக்கு அவருடைய மனைவி சோறு வைப்பது என்று மாற்றினோம். முதல் சில நாட்கள் முன்னைவிட அதிகமாகக் கத்தியது, இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது.

மீன் என்றதும் உணவைப் பற்றி இரண்டு வார்த்தை. பசும்பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது. இரவு வயிற்றுப்போக்குக்கும் கத்தலுக்கும் அதுவே காரணமாகலாம். சாளை, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகவே தொடர்ந்து கொடுத்தால், அவற்றில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்து, தள்ளாட்டமும் வலிப்பும் வரச் செய்யும். வேக வைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே உப்பில்லாமல் வேக வைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். இடையிடையே முட்டையும் கோழி இறைச்சியும் வேண்டும், மீன் ஒன்றே போதாது. கருவாட்டில் உப்பு அதிகம். குழம்பில் கிடந்த மீனில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும், அவை பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

மணல் தட்டைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் மூன்று விரலைக் காட்டுகிறார். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள், உப்பினால் ஈரம் காயாது. நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போடுங்கள், தினமும் அள்ளுங்கள். தட்டைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மீதமுள்ளதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து மாதத்துக்கு மேற்பட்ட பெண் பூனை இரவில் தரையில் புரண்டு நீண்ட குரலில் அழைத்தால் அது இணை தேடும் பருவம், மேலே சொன்ன எந்த வழியும் பலிக்காது, கருத்தடை அறுவைதான் தீர்வு. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால் விடியும் வரைகூடக் காத்திருக்காதீர்கள், நீர்ப்பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். காய்ச்சல் என்று நினைத்து நாம் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைப் பூனைக்கும் போட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தால் இரண்டையும் முதல் நாளே முகத்துக்கு முகம் நிறுத்தாதீர்கள், ஒன்றின் துணியை மற்றொன்றின் அறையில் போட்டு முதலில் மணத்தைப் பழக்குங்கள். இதற்கே தனியாக ஓர் உரை வேண்டும், நிலையத்தார் அழைத்தால் வருகிறேன். அதுவரை அந்தக் கடகத்தை மட்டும் கழுவாமல் வையுங்கள்.

வணக்கம்.